புது ஸ்கூபா மாஸ்க்: பற்பசையா, லைட்டரா, கடையில் விற்கும் க்ளீனரா?

புது மாஸ்க் வாங்கியவர்கள் முதலில் செய்வது வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று மாட்டிப் பார்ப்பது. அப்புறம் அதை அப்படியே பையில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோவது. நானும் இரண்டையும் செய்தேன். ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஆவி படிந்து, முன்னால் போன பயிற்றுநரின் மஞ்சள் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) மட்டும் கலங்கலாகத் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டுக் கண்ணாடியை அலசி, மூக்கால் ஊதி வெளியேற்றினால் அரை நிமிடம் தெளியும், மறுபடி வெள்ளையாக மூடிக்கொள்ளும். அந்த டைவில் மீனைப் பார்த்த நேரத்தைவிட மாஸ்க்கைக் கழுவிய நேரம்தான் அதிகம். மேலே ஏறியதும் படகில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பற்பசை என்றார். இன்னொருவர் பையைத் துழாவி லைட்டரையே எடுத்து நீட்டினார். மூன்றாமவர் "எச்சில் துப்புனீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு என்னுடையது, நண்பர்களுடையது என்று பல மாஸ்க்குகளில் இந்த வழிகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சு எதுவும் இல்லாத சாதாரண டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி என்றால் பற்பசை, அதுவும் ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அதற்கும் மசியாவிட்டால்தான் லைட்டர், அதிலும் சில வகை மாஸ்க்குகளுக்கு மட்டும். இவ்வளவுதானே என்று எழுந்து போய்விடாதீர்கள், சில மாஸ்க்குகளுக்குப் பற்பசையே ஆகாது, அதைத் தெரிந்துகொள்ளாமல் தேய்த்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

புதுக் கண்ணாடியில் அப்படி என்ன ஒட்டியிருக்கிறது?

முகத்தோடு ஒட்டி நிற்கும் மெத்தென்ற விளிம்பை ஸ்கர்ட் என்கிறோம் இல்லையா, அது சிலிகோன். அச்சில் வார்த்து எடுக்கும்போது ஒட்டாமல் இருக்கப் பூசும் பொருளில் மிச்சம் கொஞ்சம், சிலிகோனிலிருந்தே மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும் நுண்ணிய சிலிகோன் பொருட்கள் கொஞ்சம், எல்லாமாகச் சேர்ந்து கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரு படலமாக உட்கார்ந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது. புது மாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும், அதனால்தான் "இதை எதுக்குத் தேய்க்கணும்" என்று பலரும் கேட்கிறார்கள்.

மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். முகத்தின் தோல் சுமார் 33, 34 டிகிரி சூடு, மூக்கு வழியாக வரும் மூச்சு நீராவி நிறைந்தது, கண்ணாடியின் மறுபக்கத்தில் அதைவிடக் குளிர்ந்த கடல். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டுபோகும், ஆகவே கண்ணாடி சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் நீராவி அதன் மேல் படிந்தே தீரும். இதை யாராலும் தடுக்க முடியாது. படியும் தண்ணீர் என்ன வடிவத்தில் படிகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சுத்தமான கண்ணாடிக்குத் தண்ணீர் பிடிக்கும், அதன் மேல் விழும் ஈரம் மெல்லிய தாளாகப் பரவிவிடும், பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. சிலிகோன் படலத்துக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. தாமரை இலையில் உருளுவதுபோல ஈரம் குட்டிக் குட்டித் துளிகளாக நிற்கும், ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை ஒரு பக்கம் சிதறடிக்கும், நமக்குத் தெரிவதெல்லாம் வெள்ளைத் திரைதான்.

இதிலிருந்து புரிய வேண்டியது, இங்கே வேலை இரண்டு. படலத்தை எடுப்பது ஒரு வேலை, வாங்கியதும் உட்கார்ந்து செய்ய வேண்டியது. ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் எச்சிலோ ஷாம்புவோ தடவி ஈரத்தைப் பரவ வைப்பது இன்னொரு வேலை. படகில் எனக்குக் கிடைத்த மூன்று யோசனைகளில் இரண்டு முதல் வேலைக்கானவை, மூன்றாவது இரண்டாம் வேலைக்கானது. எச்சிலைச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, படலம் போன கண்ணாடிக்குத்தான் எச்சில் வேலை செய்யும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். படலத்தின் மேல் எச்சிலைத் தடவினால் அந்த எச்சிலும் சேர்ந்து திரண்டு ஓடிவிடும்.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மாஸ்க்கைப் பாருங்கள்

கண்ணாடியின் ஓரத்தில் பொடி எழுத்தில் டெம்பர்டு என்றோ வெறும் டி என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த கண்ணாடி, மேற்பரப்பு இறுகிப்போய்ச் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு உறுதியாக இருக்கும், உடைந்தாலும் கத்திபோன்ற சில்லுகளாகாமல் சிறு கட்டிகளாக உதிரும். நம் தேய்ப்பையெல்லாம் அது தாங்கும். அந்த எழுத்து இல்லாமல், தட்டினால் டொக் டொக் என்று பிளாஸ்டிக் சத்தம் வந்தால் அது பாலிகார்பனேட்டாக இருக்கலாம். மலிவான ஸ்நார்க்கல் (நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியாக மூச்சுவிட்டுப் பார்ப்பது) மாஸ்க்குகளிலும் முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க்குகளிலும் இதுதான் வழக்கம். பாலிகார்பனேட்டில் பற்பசை தேய்த்தால் கோடு விழும், லைட்டர் காட்டினால் உருகும். பாத்திரம் கழுவும் லிக்விட் தவிர அதற்கு வேறு எதுவும் வேண்டாம். (அது ஸ்கூபாவுக்கான மாஸ்க்கே இல்லை என்பது வேறு விஷயம்.)

அடுத்தது பூச்சு. ஆவி பிடிக்காத படலத்தை உட்பக்கத்தில் தொழிற்சாலையிலேயே ஒட்டி விற்கிறார்கள். வாங்கியவுடனே, தேய்க்காமல் கொள்ளாமல் கடலுக்குப் போகலாம் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு அர்த்தம். இதில் பற்பசை போட்டால் காசு கொடுத்து வாங்கியதை நீங்களே சுரண்டி எடுத்ததாகிவிடும். நண்பர் ஒருவர் பழைய பழக்கத்தில் அப்படித்தான் செய்தார், படலம் பாதி போய்ப் பாதி நின்று, கண்ணாடி தேசப்படம் மாதிரி ஆகிவிட்டது. முகம் பார்க்கும் கண்ணாடிமாதிரி மின்னும் லென்ஸ், நிறம் ஏற்றிய லென்ஸ் இவற்றிலும் பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கையேட்டைப் பார்க்காமல் தெரியாது. பெட்டியோடு வந்த அந்தச் சின்னக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் இன்னொரு வகை. கண்ணாடியையே மாற்றிப் பவர் கண்ணாடி பொருத்தியிருந்தால் சரி, சாதாரணக் கண்ணாடிபோலத்தான். உட்பக்கத்தில் தனி லென்ஸைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பசைக்குச் சூடு எமன், ஒட்டிய லென்ஸ் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பதையும் ஒட்டிக் கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஃபிரேம். கடினமான பிளாஸ்டிக் ஃபிரேமுக்குள் கண்ணாடி உட்கார்ந்திருக்கும் மாஸ்க் ஒரு வகை, ஃபிரேமே இல்லாமல் சிலிகோன் நேராகக் கண்ணாடியைக் கவ்வியிருக்கும் மாஸ்க் இன்னொரு வகை. பற்பசைக்கு இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. லைட்டருக்கு இதுதான் எல்லாம்.

பற்பசை

வெள்ளையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும் சாதாரணப் பற்பசைதான் வேண்டும். கண்ணாடிபோலத் தெரியும் ஜெல் வகையில் நுரை நிறைய வருகிறது, தேய்க்கும் துகள் கைக்கு உணரும்படி இல்லை, என் அனுபவத்தில் அது இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. பல்லை வெண்மையாக்கும் வகைகளில் துகள் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம், அதை முதல் தேர்வாக வைக்காதீர்கள்.

கண்ணாடியில் கோடு விழாதா என்று கேட்பவர்களுக்கு: பற்பசையில் துகளாக வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டோ நீரேற்றிய சிலிக்காவோதான். மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சியம் கார்பனேட் 3, கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம். மெதுவானது கடினமானதைக் கீறாது. நீரேற்றிய சிலிக்காவும் குவார்ட்ஸ் மணல்போல் கடினமானது இல்லை. நல்ல டெம்பர்டு கண்ணாடியை விரலால் எத்தனை தடவை தேய்த்தாலும் எனக்கு இதுவரை ஒரு கீறலும் விழவில்லை. விரலால் என்பதைக் கவனியுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துக்கொண்டு இறங்கியவர்களும் இருக்கிறார்கள், அந்த நாரில் ஒட்டியிருக்கும் துகள் கண்ணாடியையே கீறும் ஜாதி.

செய்யும் முறையில் ரகசியம் ஒன்றும் இல்லை. காய்ந்த கண்ணாடியின் உட்பக்கத்தில் பட்டாணி அளவு பற்பசை, ஒரு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான், நிறையத் தண்ணீர் ஊற்றினால் பற்பசை வழுக்கிக்கொண்டு போகுமே தவிரத் தேய்க்காது. கட்டைவிரலால் அழுத்தி வட்டமாக, ஒரு கண்ணாடிக்கு மூன்று நிமிடமாவது தேய்க்க வேண்டும், முப்பது நொடி இல்லை. எல்லோரும் நடுவில் தேய்த்துவிட்டு ஓரத்தை விட்டுவிடுகிறார்கள். படலம் அதிகமாக ஒளிந்திருப்பது சிலிகோனும் கண்ணாடியும் சேரும் அந்த விளிம்பில்தான், அதற்குப் பழைய மெல்லிய டூத்பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, இன்னொரு தடவை, மறுபடி இன்னொரு தடவை. நான் நாலு சுற்றுக்குக் குறைவாக நிறுத்துவதில்லை. ஒரு மாஸ்க் ஏழு சுற்று வாங்கியது, அன்று கட்டைவிரல் தோலே வழுவழுப்பாகிவிட்டது.

பற்பசையைத் தடவி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் வைத்துப் பார்த்தேன். காலையில் காய்ந்து கட்டியாகி, அதைக் கழுவி எடுப்பதே தனி வேலையாகிவிட்டது, படலம் அப்படியே இருந்தது. பற்பசை சிலிகோனைக் கரைப்பதில்லை, உரசி எடுக்கிறது, அதனால் உரசாத நேரமெல்லாம் வீண் நேரம்.

ஒரே ஒரு குறை, சரியாக அலசாவிட்டால் விளிம்பிலும் மூக்குப் பையிலும் ஒளிந்திருக்கும் பற்பசை கடலுக்குள் கரைந்து கண்ணுக்கு வரும். பத்து மீட்டரில் கண்ணுக்குள் புதினா எரிவது எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

லைட்டர்

லைட்டர்தான் வேகமான வழி, அதில் சந்தேகமே இல்லை. சுடரைக் கண்ணாடியின் உட்பக்கத்தில் படும்படி வைத்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினால், படலம் விலகி ஓடுவது கண்ணுக்கே தெரியும், மங்கலான ஒரு நிழல் சுடருக்கு முன்னால் ஒதுங்கிப்போகும். மஞ்சள் சுடர் என்பதால் கரி படியும், ஆறிய பிறகு துணியால் துடைத்தால் வந்துவிடும். பார்க்க அவ்வளவு திருப்தியாக இருக்கும், அதனாலேயே படகில் லைட்டர் ஆட்கள் இவ்வளவு பேர்.

ஆனால் லைட்டர் சுடரின் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும், சிலிகோன் ரப்பர் தொடர்ந்து தாங்குவது சுமார் 200 டிகிரி. கண்ணாடியின் ஓரத்தில் இந்த இரண்டும் சந்திக்கும் தூரம் சில மில்லிமீட்டர். ஃபிரேம் இல்லாத மாஸ்க்கை நான் கெடுத்தது இப்படித்தான். நடுவில் அழகாகப் போய்க்கொண்டிருந்தது, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதே என்று கொஞ்சம் சாய்த்துக் காட்டினேன், மூக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கர்ட் ஒரு நெல்மணி அளவு வெந்து மொறமொறப்பாகிவிட்டது. தரையில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. தண்ணீரில் அந்த இடத்திலிருந்து சொட்டு சொட்டாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி மட்டும், சொல்லித்தான் ஆக வேண்டும், அருமையாக இருந்தது.

ஆகவே லைட்டர் பிடிப்பதாக இருந்தால் பூச்சில்லாத, டெம்பர்டு எழுத்து உள்ள, கடின ஃபிரேமுக்குள் உட்கார்ந்த கண்ணாடிக்கு மட்டும், அதுவும் நடுப்பகுதிக்கு மட்டும். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். கண்ணாடியின் மறுபக்கத்தைத் தொட்டால் கை தாங்கும் சூட்டுக்கு மேலே போகவிடாதீர்கள், சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் போடவே போடாதீர்கள், டெம்பர்டு கண்ணாடிக்கும் ஒரு எல்லை உண்டு. நீலச் சுடர் சீறும் ஜெட் லைட்டரில் கரி வராது என்று சிபாரிசு செய்பவர்கள் இருக்கிறார்கள், கரி வராதது உண்மை, ஆனால் அந்தச் சுடர் குவிந்து ஒரே புள்ளியில் பாயும், கை ஒரு நொடி தடுமாறினால் போச்சு. ஓரங்களை எப்படியும் பற்பசையால்தான் தேய்க்க வேண்டியிருக்கும் என்னும்போது, முழுக்கவே பற்பசையால் தேய்த்துவிடலாமே என்பது என் வாதம்.

சில இரட்டைக் கண்ணாடி மாஸ்க்குகளில் ஃபிரேமைப் பிரித்துக் கண்ணாடியைத் தனியே எடுக்க முடியும். எடுத்துவிட்டால் லைட்டருக்கு எதிரான என் வாதம் பாதி போய்விடுகிறது, சுட்டுக்கொள்ள சிலிகோனே பக்கத்தில் இல்லை. ஆனால் திரும்ப மாட்டும்போது விளிம்பு சரியாக உட்காராவிட்டால் புது மாஸ்க் முதல் நாளே ஒழுகும். பழக்கமான கை இருந்தால் செய்யுங்கள்.

கடையில் விற்கும் மாஸ்க் க்ளீனர்

டைவிங் கடைகளில் புது மாஸ்க்கை முதல் முறை தேய்ப்பதற்கென்றே சின்னக் குழாயில் ஒரு பசை விற்கிறார்கள், சீ பஃப் மாதிரி. மெல்லிய துகள் கலந்த பசைதான், வேலை செய்யும் விதத்தில் பற்பசைக்குச் சித்தப்பா பிள்ளை. துகள் ஒரே சீராக இருப்பதால் இரண்டு சுற்றில் முடிந்துவிடுகிறது, புதினா எரிச்சல் இல்லை, நன்றாக அலசி வருகிறது. நல்ல பொருள்தான். ஆனால் ஒரே ஒரு மாஸ்க்குக்காக இதை வாங்குவதில் எனக்கு மனசில்லை, வீட்டில் இருக்கும் பற்பசையில் இன்னும் இரண்டு சுற்று கூடுதலாகத் தேய்த்தால் அதே இடத்துக்கு வந்துவிடலாம். பயிற்சி கொடுப்பவர்கள், வாடகைக்கு மாஸ்க் வைத்திருப்பவர்கள், வீட்டில் நாலு பேர் டைவ் செய்பவர்கள் வாங்கலாம். வாங்கும்போது குழாயைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள், பக்கத்திலேயே டீஃபாக் என்ற, ஆவி பிடிக்காமல் தடுக்கும் திரவமும் அதேபோன்ற குப்பியில் இருக்கும், அது இரண்டாம் வேலைக்கானது, படலத்தை எடுக்காது. இதைக் குழப்பிக்கொண்டு "டீஃபாக் போட்டும் ஆவி பிடிக்குது" என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

மற்றவை

பாத்திரம் கழுவும் லிக்விட் எண்ணெய், கைரேகை, சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் எடுக்கும், சிலிகோன் படலத்தைக் கொஞ்சம்தான் அசைக்கும். பற்பசை போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, முடித்த பிறகு ஒரு தடவை போட்டால் பற்பசையின் வழுவழுப்பும் போய்விடும், அந்த அளவுக்கு அதை நம்பலாம். சமையல் சோடா பற்பசையைவிட மென்மையான துகள், கடினத்தன்மை இரண்டரை, கையில் பற்பசை இல்லாவிட்டால் ஓடும், பொறுமை வேண்டும். ஸ்பிரிட், சானிடைசர் கைரேகையோடு சரி. வினிகரில் ஊறவைப்பது உப்புக்கறையை எடுக்கும், சிலிகோனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், ஃபிரேம் பிளாஸ்டிக் வெளிறி விரிசல் விடும். ப்ளீச்சும் அப்படித்தான், ஸ்கர்ட்டுக்கு ஆகாது.

கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்ஸைடு பொடியை ஒருவர் சொன்னார், கண்ணாடித் தொழிலில் இருப்பவர். பிரமாதமாக வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் ஒரு டைவ் மாஸ்க்குக்கு அது கொசுவை அடிக்கக் கோடரி.

படலம் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

இதைச் செய்யாமல் நிறுத்துகிறவர்கள்தான் பாதிப் பேர். அலசிய மாஸ்க்கின் உட்பக்கத்தில் குழாய்த் தண்ணீரைக் காட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் கிழியாமல் ஒரே தாளாக வழிந்தால் அந்த இடம் சுத்தம். நடுவில் தீவு தீவாக விலகிக்கொண்டோ, மணிமணியாகத் திரண்டோ நின்றால் அங்கே படலம் இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் மறுபடி தேயுங்கள். உலோகத்துக்கு வர்ணம் பூசுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பட்டறைகளில் பார்ப்பதும் இதே தண்ணீர்ச் சோதனைதான். ஆனால் ஒன்று, சோப்பின் மிச்சம் இருந்தால் தண்ணீர் பொய்யாகப் பரவும், ஆகவே நன்றாக அலசிவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் காயவைத்து, உட்பக்கத்தில் "ஹா" என்று வாயால் ஊதிப் பாருங்கள். சட்டென்று வெள்ளையாகி, மறையாமல் அப்படியே நின்றால் இன்னும் வேலை இருக்கிறது. மெலிதாகப் படர்ந்து நொடியில் மறைந்தால் போதும். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் குளிர்வித்து ஊதினால் சோதனை கடுமையாகும், கடலில் இறங்குவதற்கு முன்னால் கடுமையாகச் சோதிப்பதே நல்லது.

எச்சிலா, பேபி ஷாம்புவா, டீஃபாக்கா?

முதல் வேலை முடிந்த மாஸ்க்குக்கு இரண்டாம் வேலை சுலபம், இதில் மூன்றுமே ஓடும் என்பதால் அதிகம் சண்டை போட ஒன்றுமில்லை. மூன்றும் செய்வது ஒன்றேதான். 25 டிகிரியில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், சோப்புப் பொருள் கொஞ்சம் கலந்தாலே அது பாதியாக இறங்கிவிடும், இறங்கினால் துளி நிற்க முடியாமல் பரந்துவிடும்.

எச்சிலில் இருக்கும் மியூசின் என்ற புரதப் பொருள் இதே வேலையைச் செய்கிறது. காசில்லை, மறந்து வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது, எதையும் கடலில் கலப்பதுமில்லை. ஆனால் கண்ணாடி காய்ந்திருக்க வேண்டும், ஈரக் கண்ணாடியில் துப்பினால் எச்சில் நீர்த்துப்போய் ஒட்டாது. துப்பி, விரலால் எல்லா மூலைக்கும் தேய்த்து, ஒரே ஒரு முக்கு, அவ்வளவுதான். கழுவு கழுவென்று கழுவினால் துப்பியதற்கே அர்த்தமில்லை. படகில் எல்லோரும் ஒரே வாளியில் மாஸ்க்கை முக்குவதுதான் இதில் எனக்குப் பிடிக்காதது, 2020 கொரோனாவுக்குப் பிறகு நான் அந்த வாளிப் பக்கம் போவதில்லை, கடலிலேயே முக்கிக்கொள்கிறேன்.

பேபி ஷாம்புவைச் சரிபாதி தண்ணீர் கலந்து சின்னக் குப்பியில் வைத்திருப்பதுதான் என் வழக்கம். எச்சிலைவிட அதிக நேரம் தாங்குகிறது, இரண்டாவது டைவிலும் பாதி மிச்சம் இருக்கும். கண் எரிச்சல் குறைவு என்பதற்காகத்தான் பேபி ஷாம்பு, பெரியவர்களின் ஷாம்புவை ஊற்றிவிட்டு அழுதவர்கள் உண்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கொஞ்சம் கூடுதலாக அலசுங்கள். கடையில் விற்கும் டீஃபாக் இன்னும் நன்றாகவே இருக்கும், குளிர்ந்த தண்ணீரில் நீண்ட நேரம் டைவ் செய்பவர்களுக்கு அதுதான் சரி, வெதுவெதுப்பான கடலில் எனக்கு அதன் தேவை ஏற்பட்டதில்லை. தொழிற்சாலைப் படலம் ஒட்டிய மாஸ்க்குக்கு எதைத் தடவலாம் என்பதை அதன் கையேடு சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வெயிலில் அரட்டை அடித்தால் எல்லாம் வீண். நெற்றியின் சூடும் வியர்வையும் சன்ஸ்கிரீனும் உட்பக்கத்துக்கு ஏறிவிடும். (நெற்றியில் மாஸ்க் இருந்தால் ஆபத்தில் இருப்பவரின் அடையாளம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள், அது இன்னொரு காரணம்.) கழுத்தில் தொங்கவிடுங்கள், இறங்குவதற்கு முன்னால் முகத்தையும் ஒரு தடவை கடல்நீரில் நனைத்துக் குளிர்வித்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு மூச்சு ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று தரும் கருவி) வழியாக வாயிலேயே போய் வாயிலேயே வரட்டும். மூக்கால் ஊதவே கூடாது என்று சிலர் சொல்வது சரியில்லை, பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக மூக்கால் காற்றை விட்டால்தான் மாஸ்க் முகத்தைக் கவ்விப் பிடிக்காது. தேவைக்கு மேல் ஊதாமல் இருந்தால் போதும்.

அப்போ யாருக்கு எது?

ஒரே மாஸ்க், பூச்சில்லாத கண்ணாடி, கடலுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது: பற்பசை, யோசிக்கவே வேண்டாம். நாலு சுற்று தேய்த்துத் தண்ணீர்ச் சோதனை, தேறாவிட்டால் இன்னும் இரண்டு. ஆறு சுற்றுக்குப் பிறகும் நடுவில் தண்ணீர் திரண்டு நிற்கிறது, ஃபிரேம் உள்ள மாஸ்க்தான் என்றால் நடுவுக்கு மட்டும் லைட்டர், பிறகு மறுபடி ஒரு சுற்றுப் பற்பசை. ஃபிரேம் இல்லாத மாஸ்க், ஒட்டிய பவர் லென்ஸ் இரண்டுக்கும் லைட்டர் எந்த நிலைமையிலும் இல்லை, தேறும்வரை தேய்க்க வேண்டியதுதான், அல்லது க்ளீனர் பசை வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சு உள்ள மாஸ்க், பிளாஸ்டிக் லென்ஸ் இரண்டையும் உரசும் எதையும் கொண்டு தொடக் கூடாது. நாளைக் காலையில் படகு, மாஸ்க் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது என்றால்? ராத்திரி உட்கார்ந்து இரண்டு சுற்றாவது தேய்த்துவிட்டு, கூடவே பழைய மாஸ்க்கையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதெல்லாம் செய்வதற்கு முன்னால் மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் கையை எடுத்தாலும் விழாமல் நிற்க வேண்டும். மீசையும் நெற்றி முடியும் இடையில் மாட்டாமல் பாருங்கள். ஒழுகும் மாஸ்க்கை ஏழு சுற்று தேய்த்துவிட்டுக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால், பற்பசை வாசனையோடு யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு தடவை தேய்த்தால் ஆயுளுக்கும் போதும் என்று இல்லை. ஸ்கர்ட்டிலிருந்து சிலிகோன் கசிவது முதல் சில மாதங்களுக்குத் தொடரும், அதிலும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெயில் படும் இடத்தில் வைத்தால் கசிந்ததெல்லாம் கண்ணாடியிலேயே போய் உட்காரும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பெட்டியைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். மூன்று நாலு மாதம் கடல் பக்கம் போகாமல் இருந்தால் புறப்படுவதற்கு முந்தைய ராத்திரி ஒரே ஒரு சுற்றுப் பற்பசை, பத்து நிமிட வேலை.